கண்ணாடி ஹோட்டலுக்கு ஒரு பெட்டிசம்

மாத்தளையில் இறங்கி ஸஜீதா வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் நெற்றியைச் சுருக்குவார்கள். பெட்டிசம் ராத்தா வீடு என்று கேட்டால் த்ரீவீலர்காரன் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டு போவான். மாவட்டச் செயலகம் என்று பெயர்ப்பலகை மாற்றி எத்தனையோ வருஷமாகியும் ஊரார் கச்சேரி என்றே சொல்கிற கட்டடத்துக்கு எதிரே, ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் தாழ்வாரத்தில் அவளுடைய மேசை இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு குடை. யானை வீட்டை இடித்துவிட்டதென்று வில்கமுவயிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களும், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையென்று வஹகோட்டையிலிருந்து வருகிறவர்களும், தோட்டத்துப் பென்ஷன்காரர்களும் அவள் முன்னால்தான் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள். அவர்களுக்காகப் பெட்டிசம், அதாவது மனு, சிங்களத்திலும் தமிழிலும் முத்து முத்தாக எழுதுவாள். அவசியப்பட்டால் பழைய கச்சேரி இங்கிலீஷிலும் எழுதுவாள்.

எழுதுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நடந்ததைத் தேதி, நேரத்தோடு இலக்கம் போட்டு எழுதுவாள். ஒரு வசைச்சொல் இருக்காது. ஆனால் வாசித்து முடிக்கிற அதிகாரிக்குக் காது சுடும். கடைசி வரி மட்டும் எல்லாப் பெட்டிசத்துக்கும் ஒன்றேதான்: மேற்படி விடயத்தில் தாங்கள் தகுந்ததெனக் கருதும் நிவாரணத்தைத் தந்துதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். இன்னது வேண்டும் என்று எழுதவே மாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்காக, வேலியோரத்துப் பலாமரத்தை வெட்டித் தர வேண்டும் என்று நேராக எழுதிக் கொடுத்தாள். “எனக்கே உத்தரவு போடுறியா?” என்று அதிகாரி காகிதத்தை வீசியெறிந்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பாடம். கேட்டால் கொடுக்க மாட்டார்கள்; பார்த்துச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டால் கேட்டதைவிடக் கூடுதலாகவே செய்வார்கள். முப்பது வருஷமாக இது பொய்த்ததில்லை.

இந்தப் பாடத்தை அவள் கச்சேரி வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். விடவில்லை. அதுதான் வினை.

உம்மா மௌத்தானபோது ஸஜீதாவுக்கு இருபத்துநாலு வயது, தம்பி நப்லானுக்குப் பன்னிரண்டு. வாப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவளைக் கேட்டு இரண்டு இடம் வந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அவள் கேட்கவில்லை. அவர்களாகவே சொல்லுவார்கள் என்று பார்த்திருந்தாள். அவர்கள் சொல்லவில்லை. மூன்றாவது இடம் வரவேயில்லை. தம்பியைப் படிக்கவைத்தாள். அவன் இன்ஜினியராகி டோஹாவுக்குப் போனான், தெஹிவளையில் றுக்ஸானாவைக் கலியாணம் முடித்தான், ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். பள்ளிவாசல் ஒழுங்கையில் இருந்த வீட்டில் ஸஜீதா மட்டும் மிஞ்சினாள். ஐம்பத்தாறு வயதில் அவளோடு பேச மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு நோனா இருந்தாள். நோனாவுக்கும் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் மதிலின் இந்தப் பக்கம் நினைவிருக்காது.

ஒருமுறை நப்லான் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் நின்றான். புறப்படும்போது, “பாத்ரூம் வெளிய ஈக்கிறதுதான் றுக்ஸானாவுக்குக் கொஞ்சம் கஷ்டம் ராத்தா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஸஜீதாவுக்கு அது போதுமாக இருந்தது. மேலே ஓர் அறை எழுப்பினாள். ஒரு வருஷம் சுவர், அடுத்த வருஷம் கூரை, அதற்கடுத்த வருஷம் உள்ளேயே பாத்ரூம், வெள்ளை டைல், சுடுதண்ணி கீஸர். ஏஸியும் போட்டாள். கண்டியிலிருந்து பெரிய மெத்தை ஒன்றை லொறியில் வரவழைத்தாள். அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே மேலே படுக்கை விரித்து வைத்தாள். அவர்கள் வருகிற நாளில் கழற்றிக்கொள்ளலாம், அதுவரை தூசி படாது என்பது அவள் கணக்கு.

மெத்தை வந்த ஓகஸ்டில் நப்லானின் போன் கோல் வந்தது.

“ராத்தா, ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு ஹோட்டல் புக் பண்ணியிருக்கேன். மூணு நாள். ஒங்களுக்கும் தனி ரூம். நீங்க வராட்டி புள்ளைகள் கவலப்படுவாங்க.”

மேலே அறை இருக்கிறது தம்பி, பாத்ரூமோடு இருக்கிறது, என்று சொல்ல வாயெடுத்தாள். அறையைப் பற்றி அவனிடம் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள், படமும் அனுப்பியிருந்தாள். இன்னொரு தரம் சொன்னால் வற்புறுத்தினது போலாகும். “நல்லம் தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

ரத்தோட்டையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, தேயிலை முடிகிற இடத்துக்கும் மேலே அந்த ஹோட்டல் நிற்கிறது. அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. ஊரார் கண்ணாடி ஹோட்டல் என்பார்கள். ஓர் இரவு வாடகையைக் கேட்டபோது ஸஜீதாவுக்குத் தலை சுற்றியது. அவள் ஒரு மாதம் குனிந்த தலை நிமிராமல் எழுதினாலும் அவ்வளவு வராது. அப்படி என்ன தருகிறார்கள் என்றால், காட்சி தருகிறார்களாம். அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டிலில் படுத்தபடியே மலையையும் பள்ளத்தாக்கையும் பார்க்கலாமாம். போய் இறங்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, பத்தடி தூரத்து மரம்கூட இல்லை.

“நாளைக்குக் காலைல விலகிரும் மேடம்” என்றான் சாமான் தூக்கி வந்தவன். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். சம்பளத்தோடு சேர்த்து அந்த வசனத்தையும் கொடுத்திருப்பார்கள் போல.

தனி அறை என்று நப்லான் சொன்னது மரியாதைக்குத்தான். ஆனால் அந்த மூன்று நாளும் ஸஜீதாவுக்குத் தண்டனையாகப் போனது. நாலு தலையணை போட்ட கட்டிலில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓரத்தில் படுத்தாள். எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று தெரியவில்லை. தொழுவதற்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் சூரியனும் வெள்ளைக்குள் போய்விட்டது. ரிசெப்ஷனில் கேட்டாள். அந்தப் பெண் போனில் யாரையோ கேட்டாள், அவர் வேறு யாரையோ கேட்டார், கடைசியில் “ஸ்விமிங் பூல் பக்கம் மேடம்” என்று பதில் வந்தது. நீச்சல்குளத்தைப் பார்த்துத் தொழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் பிள்ளைகள் கட்டிலில் குதித்துச் சிரிப்பது கேட்டது. கதவைத் தட்டலாமா என்று மூன்று தரம் எழுந்து மூன்று தரமும் உட்கார்ந்தாள். கூப்பிடாமல் எப்படிப் போவது? சொந்த ஒழுங்கையில் இருந்தபோதுகூட இவ்வளவு தனியாக அவள் இருந்ததில்லை.

திரும்பும்போது வேனில் நப்லான், “இவ்வளவு காசு குடுத்து மூடுபனி பாத்ததுதான் மிச்சம். அடுத்த வருஷம் இந்த வேலயே வேணாம் ராத்தா, வீட்லயே நிப்போம்” என்றான்.

சும்மா வாயில் வந்ததுதான். ஆனால் ஸஜீதா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பதினொரு மாதம் அந்தச் சொல்லோடுதான் இருந்தாள். யாருமே படுக்காத படுக்கை விரிப்பை மாதம் ஒருமுறை துவைத்தாள்.

அடுத்த ஓகஸ்டில், றுக்ஸானாவின் சாச்சி மகள் யாரோ அதே ஹோட்டலில் நின்று எடுத்த படங்களை அனுப்பிவிட்டாள். படத்தில் நீல மலை, பச்சைப் பள்ளத்தாக்கு, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. “நமக்குத்தான் போன முறை அதிஷ்டம் இல்ல” என்று மறுபடி புக் பண்ணினார்கள். இம்முறை ஸஜீதாவுக்குத் தனி அறை இல்லை. பிள்ளைகளின் அறையில் மடக்குக் கட்டில். அவளுக்கு அதுவே பிடித்திருந்தது. இந்த முறை பனி குறைவு, காற்று அதிகம். ரிவர்ஸ்டன் காற்று என்றால் சும்மாவா? கண்ணாடிச் சுவர் இரவு பகலாக முனகியது. சின்னவன் பயந்து மாமி ஸஜீதாவின் கட்டிலுக்குள் வந்து ஒடுங்கினான். குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. சூப் ஆறிப்போய் வந்தது. றுக்ஸானா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

இங்கேதான் ஸஜீதாவைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சூப் ஆறிப்போய் வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. செம்மண் தண்ணீர் வந்தபோது இன்னும் சந்தோஷம். அஸ்தஃபிருல்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது, மனம் கேட்கவில்லை. எல்லாம் கெட்டுப்போகட்டும், ஒவ்வொன்றும் கெடக் கெட என் வீடு அவர்களுக்குக் கிட்ட வரும், என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை. “இந்த மூலையில ஈரம் ஏறி ஈக்கே, பாத்தீங்களா றுக்ஸானா?” என்று மெல்ல எடுத்தும் கொடுத்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி முப்பது கிலோமீற்றர் தூரத்தில் வந்து நின்றுவிட்டுப் போனால் யாருக்கும் நெஞ்சு எரியும்.

அந்த வருஷமும் போனது. மூன்றாம் வருஷம், அதாவது போன ஓகஸ்ட், நாலு நாளைக்கு வந்தார்கள். ஹோட்டலில் நிர்வாகம் மாறிவிட்டதாம், எல்லாம் புதுசாம். நப்லானும் றுக்ஸானாவும் பாவம், வருஷம் முழுக்கப் பாலைவனத்து வெயிலில் வேகிறவர்கள். குளிரும் மலையும் ஒருமுறையாவது சரியாக வாய்க்க வேண்டுமென்று அவர்களுக்கும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

முதல் நாளே வெள்ளைச் சுவர். ராத்திரி கீஸர் வேலை செய்யவில்லை. விடிந்தபோது றுக்ஸானாவின் காலில் அட்டை. போர்வைக்குள் எப்படி வந்ததென்று ஒருவருக்கும் தெரியவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் போனால் இடியப்பம் முடிந்துவிட்டது, பாண் மட்டும் இருந்தது. நப்லான் ரிசெப்ஷனில் போய்ச் சத்தம் போட்டான். அவர்கள் ஒரு தட்டில் அன்னாசியும் பப்பாளியும் வெட்டி, மேலே ஒரு பூ வைத்து அனுப்பினார்கள். பூவைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் ஏறிவிட்டது.

“சத்தம் போட்டாப் பழம் வருது. ராத்தா, நீங்கதானே இதுக்கு ஆள். ஒண்டு எழுதுங்க.”

ஸஜீதாவுக்குக் கேட்டது நிஜமா என்று இருந்தது. றுக்ஸானாவின் வீட்டாரிடம் நப்லான் எப்போதும் “ராத்தா கச்சேரில வேல” என்றுதான் சொல்லிவைத்திருந்தான். கச்சேரிக்கு எதிரே என்று சொன்னதில்லை. இன்றைக்கு அவன் வாயாலேயே அவள் தொழிலைக் கேட்டு வருகிறான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ரெண்டு தாளும் பேனையும் வாங்கித் தாங்க” என்றாள்.

எழுத உட்காருமுன் வெளியே போய் நோனாவுக்கு ஒரு கோல் எடுத்தாள். சாவி நோனாவிடம்தான் இருந்தது.

“நோனா, மேல் ரூம் ஜன்னலத் தொறந்து விடுங்க. பின்னேரம் அஸரோட கீஸரப் போடுங்க. இடியப்பத்துக்கு மா வறுத்து டின்னுல ஈக்கு. இன்டைக்கு ஆக்கள் வாராங்க.”

“சொல்லிட்டாங்களா, வாரோம்னு?”

“சொல்லுவாங்க” என்றாள் ஸஜீதா.

பிறகு லொபியில், வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில், கால் மேல் கால் போட்டு உட்கார வேண்டிய சோஃபாவில் பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு விளம்பரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினாள். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பெட்டிசத்தை அவள் எழுதியதில்லை. பதினாலு இலக்கம். மூன்று வருஷத்துக் கதையும் அதில் இருந்தது. எத்தனை மணிக்குச் சுடுதண்ணீர் கேட்டது, எத்தனை மணிக்குக் கிடைக்காமல் போனது, அட்டை எந்தக் காலில், எந்த விரலுக்குக் கீழே, கண்ணாடிச் சுவருக்கு வாங்கிய வாடகைக்கு எத்தனை மணிநேரம் எத்தனை அடி தூரம் தெரிந்தது, கிப்லா கேட்ட விருந்தாளிக்கு நீச்சல்குளம் காட்டப்பட்ட விபரம். ஒரு கோபச் சொல் இல்லை. கடைசியில் கை தன்பாட்டுக்கு எழுதியது: தாங்கள் தகுந்ததெனக் கருதும் நிவாரணத்தைத் தந்துதவுமாறு.

நப்லான் வாசித்தான். “அல்லாஹ்! இதப் படிச்சா எனக்கே பயமா ஈக்கே” என்றான். றுக்ஸானாவிடம் காட்டினான். அவளும் வாசித்துவிட்டு, “மதினி, நீங்க இவ்வளவு கெட்டிக்காரியா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரிசெப்ஷனில் கொடுக்கும்போது நப்லான், “என்ட ராத்தா எழுதினது” என்று சொல்லிக் கொடுத்தான். அன்றைய காலை அதோடு முடிந்திருந்தால் ஸஜீதாவின் ஆயுளில் நல்ல நாள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தான். விஜேந்திரன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பெட்டிசம். நப்லானைப் பார்க்காமல் நேரே ஸஜீதாவிடம் வந்து நின்றான்.

“அம்மா, நீங்க கச்சேரிக்கிட்ட உக்காந்து எழுதுறவங்கதானே? எங்க அப்பா அழகமுத்து. இங்க கீழ தோட்டந்தான். நான் சின்னப்பயலா இருக்கையில நாங்க குடியிருந்த லயத்துக்குத் தண்ணிப் பைப் வேணும்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. கொப்பிய இன்னும் பெட்டியில வச்சிருக்காரு. அந்தக் கடைசி வரியப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிருச்சு.”

“பைப் வந்திச்சா?” என்று கேட்டாள் ஸஜீதா. தொழில்காரி அல்லவா, அதுதான் முதலில் வாயில் வந்தது.

“பைப்பும் வந்துச்சு, கேக்காத டேங்கும் வந்துச்சு” என்று சிரித்தான். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டான். “நீங்க எழுதினது பூராவும் சரிம்மா. மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா என்ன வேணும்னு மட்டும் எழுதல. நீங்களே சொல்லுங்க. மீதி நாளுக்கு வாங்கின காசத் திருப்பித் தந்து, வேன் போட்டு வீட்டுல கொண்டுபோய் விடச் சொன்னாலும் செய்றேன்.”

வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னாலும் செய்கிறேன் என்கிறான். மூன்று வருஷமாக அவள் வாய்க்குள் சுற்றிக்கொண்டிருந்த வசனத்தை யாரோ ஒரு அழகமுத்துவின் மகன் எடுத்து அவள் கையில் வைக்கிறான். ஆமாம் தம்பி, வேனைப் போடுங்கள். நாலே நாலு சொல். ஸஜீதா நப்லானைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். றுக்ஸானாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா என்ன சொன்னாலும் சரி என்கிற முகம்தான் இருவருக்கும். அந்த ஒரு நிமிஷம் அவள் எதைக் கேட்டிருந்தாலும் நடந்திருக்கும்.

கேட்டால் மாட்டேன் என்றுவிடுவார்களோ? மாட்டேன் என்று தம்பி முகத்தில் ஒரு கணம் ஓடினால்கூட அதற்குப் பிறகு அவளால் அந்த அறையை எப்படிக் கூட்டித் துடைக்க முடியும்? தானாக அவன் வாயில் வரட்டும். வீட்டுக்கே போவோம் ராத்தா என்று இதோ சொல்லத்தான் போகிறான்.

“நான் என்னத்தச் சொல்ல?” என்றாள். “நீங்க பாத்து எது சரியோ அதச் செய்ங்க தம்பி.”

இதைக் கேட்கிற யாருக்கும் அவள்மேல் கோபம்தான் வரும். வரட்டும், வர வேண்டியதுதான்.

விஜேந்திரன் பார்த்துச் செய்தான். அவன் நல்ல பிள்ளை. அப்பாவுக்குத் தண்ணீர் வாங்கித் தந்த கைக்கு மரியாதை செய்ய நினைத்தான். அரை மணிநேரத்தில் மேல்மாடியின் பெரிய ஸூட் அறையை அவர்களுக்குத் திறந்து கொடுத்தான். இரண்டு படுக்கையறை, வெளியே பலகணி, தனிச் சமையல்காரன். அதோடு ஓர் உறையையும் நீட்டினான். அடுத்த வருஷ ஓகஸ்டில் மூன்று இரவு, அதே ஸூட்டில், முழுக் குடும்பத்துக்கும் இலவசம். ஸஜீதாவின் பெயரிலேயே எழுதியிருந்தது.

பிள்ளைகள் “யே!” என்று கத்தினார்கள். நப்லான் அவள் தோளைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். அவன் கடைசியாக அப்படிக் கட்டிக்கொண்டது உம்மாவின் ஜனாஸா அன்றைக்கு. “ராத்தா! நான் ரெண்டு வருஷமாச் சத்தம் போட்டும் நடக்காதது! அடுத்த வருஷத்துக்கும் எடுத்துத் தந்திட்டீங்களே!”

“ஓம், தம்பி” என்றாள் ஸஜீதா.

லுஹர் தொழுதுவிட்டு, வில்கமுவ ஆக்கள் நாளைக்கு வருகிறார்கள், யானை விஷயம், தவணை தப்பக்கூடாது என்று ஒரு காரணம் சொன்னாள். வேனில் அனுப்புகிறேன் என்றான் நப்லான். வேண்டாம், வாசலிலேயே பஸ் இருக்கிறது என்றாள். பிள்ளைகள் ஸூட் அறையின் இரண்டு பாத்ரூமையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாமி புறப்படுவதை ஓடிவந்து பார்த்துக் கையசைத்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினார்கள். உறையை அவள் நப்லானிடமே கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரத்தோட்டை வரைக்கும் பனிக்குள்தான் பஸ் இறங்கியது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெண் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டாள். “ஹோட்டல்ல நின்டுட்டு வாரேன்” என்றாள் ஸஜீதா. அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் நோனா எல்லாம் செய்துவைத்திருந்தாள். மேல் அறை ஜன்னல்கள் திறந்திருந்தன. குசினியில் இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கீஸரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எங்க ஆக்கள்?” என்று நோனா மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டாள்.

“அங்க வேற நல்ல ரூம் குடுத்திட்டாங்க.”

 நோனா மேல் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சூடாக்கிய தண்ணீரை என்ன செய்வது? ஸஜீதா மேலே போய் மஃரிப் தொழுகைக்கு அதிலேயே கைகால் கழுவி வுளூ செய்தாள். அந்த வெள்ளை டைல் பாத்ரூமில் குழாயைத் திறந்த முதல் ஆள் அவள்தான். தண்ணீர் நல்ல சூடாக, கண்ணாடி போலச் சுத்தமாக வந்தது. கிப்லா எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தொழுது முடித்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். படுக்கை விரிப்புக்குக் கீழே பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

இருட்டிக்கொண்டு வந்தபோது போன் அடித்தது. நப்லான். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

“ராத்தா! விலகிரிச்சு! மூணு வருஷத்துல முதல் தரம்! நீங்க போய் ரெண்டு மணித்தியாலத்துல எல்லாம் விலகி, இங்க பலகணில நின்டா மாத்தளை வரைக்கும் தெரியுது. டவுன் லைட்டெல்லாம் தெரியுது. நீங்க இல்லாமப் போயிட்டீங்களே!”

“அல்ஹம்துலில்லாஹ். புள்ளைகள் பாக்கட்டும்.”

“இவங்க மாமிட வீடு எதுன்டு கேக்கிறாங்க. மேல் ரூம் லைட்ட ஒருக்காப் போட்டு நூருங்களேன், பாப்போம்.”

ஸஜீதா எழுந்து சுவிட்சைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒழுங்கை, நோனாவின் மதில், பள்ளிவாசல் கூரை. மலை இருக்கிற திசையில் இருட்டுத்தான் தெரிந்தது. ஆயிரம் விளக்குக்கு நடுவில் ஒரு விளக்கு அவ்வளவு தூரத்துக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா?

“கண்டோம் மாமி! கண்டோம்!” என்று கத்தினான் சின்னவன். “நாங்க ஒங்க ரூமக் கண்டோம்!”

“அது என்ட ரூம் இல்ல மகன். ஒங்கட ரூம்” என்றாள். பிறகு போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலாமரத்துக்குப் பிறகு முப்பது வருஷத்தில் யாருக்காகவும் எழுதாத வரியை, தனக்காக, வாய்விட்டுச் சொன்னாள்: “நப்லான், ஒரு நாளைக்கு இங்க வந்து நில்லு தம்பி. ஒரே ஒரு நாள்.”

“கட்டாயம் ராத்தா” என்றான் நப்லான், யோசிக்காமலே. “ஆனா இந்த முறை நாள் பத்தாதே, இங்கயிருந்து நேரே ஏயார்போர்ட். அடுத்த வருஷமும் மூணு நாள் இங்க ஃப்ரீயா ஈக்கே. நீங்க எடுத்துத் தந்ததுதானே. விடுறதா அத? அதுக்கடுத்த வருஷம் பாப்போம், இன்ஷா அல்லாஹ்.”

“ஓம். இன்ஷா அல்லாஹ்.”

போனை வைத்துவிட்டு ஸஜீதா தான் உட்கார்ந்திருந்த இடத்தில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கீழே இறங்குமுன் விளக்கை அணைக்கக் கை சுவிட்சுக்குப் போனது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்குப் பொறுக்காது; கரண்ட் பில்லுக்குப் பயந்த வீடு அது. கை சுவிட்சில் நின்றது. அணைக்காமலே கீழே வந்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நோனா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஸஜீதா, மேல லைட் எரியுதே. தம்பி ஆக்கள் வந்திட்டாங்களா?”

“இல்ல நோனா. மலைல நின்டு பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க. எரியட்டும்.”